கருத்தரங்கும் கலமும்: பரம்பரையலகுச் சீராக்கம் பற்றிய சிந்தனையின் சமூக வரலாறு

விஞ்ஞான வரலாற்றை மேதைகளின் வாழ்க்கை வரலாறாகவும் கண்டுபிடிப்புகளின் காலவரிசையாகவும் எழுதும் மரபு இன்னும் நம்மிடையே வலுவாகவே இருந்துவருகிறது. இலக்கிய வரலாற்றைப் புலவர் வரலாறாக எழுதிவந்த பழைய முறைக்கு இது ஒப்பானது. புலவனை அவன் காலத்துச் சமூக உறவுகளினின்றும் பிரித்துவைத்து அவனது ஆக்கத்தை விளக்க முடியாது என்பதை நமது ஆய்வாளர் பலர் நிறுவியுள்ளனர். விஞ்ஞானியைப் பொறுத்தும் அதுவே உண்மையாகும். அவன் எவரோடு அமர்ந்து உரையாடினான், அவ்வுரையாடலுக்கு இடமும் பொருளும் அளித்தவர் யாவர், எத்தகைய சொற்களில் அது நடந்தது என்னும் வினாக்கள் அவனது கோட்பாட்டுக்குப் புறம்பானவையல்ல.

இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டவல்ல ஒரு துறை, பரம்பரையலகுச் சீராக்கம் பற்றிய ஆய்வாகும். ஒரு விலங்கின் ஈரற்கலமும் நரம்புக்கலமும் ஏறத்தாழ ஒரே பரம்பரையலகுகளையே கொண்டுள்ளன. ஆயினும் அவை வடிவிலும் தொழிலிலும் முற்றாக வேறுபடுகின்றன. எந்தப் பரம்பரையலகு எப்போது, எங்கே, எவ்வளவு செயற்படவேண்டும் என்பது எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது? முளையவியல், பிறப்புரிமையியல், இரசாயனவியல், பௌதிகவியல், கணிதம் ஆகிய எத்துறையும் இவ்வினாவுக்குத் தனித்து விடை காணவில்லை. துறைகளின் எல்லைகளைக் கடந்த கருத்தரங்குகளிலேயே அதற்கான விடைகள் படிப்படியாக உருப்பெற்றன. இன்று 'தொகுதி உயிரியல்' என வழங்கும் துறை அக்கருத்தரங்குகளின் வழித்தோன்றலே எனலாம். அவற்றின் சமூக அடித்தளத்தை நோக்குவதும், மார்க்ஸியச் சிந்தனை அவற்றில் வகித்த இடத்தை அதன் பெருமையோடும் சிறுமையோடும் மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

1931ஆம் ஆண்டு லண்டனிற் கூடிய இரண்டாவது சர்வதேச விஞ்ஞான வரலாற்று மாநாட்டிற்கு நிக்கொலாய் புகாரின் தலைமையில் சோவியத் குழுவொன்று வந்திருந்தது. நியூற்றனின் இயக்கவியலை அவரது காலத்து வணிகம், கப்பற் போக்குவரத்து, சுரங்கத் தொழில், போர்த்தொழில் ஆகியவற்றின் தேவைகளோடு தொடர்புபடுத்தி போரிஸ் ஹெஸ்ஸன் அங்கு வாசித்த கட்டுரை பிரித்தானியாவின் இளம் விஞ்ஞானிகள் சிலரை ஆழமாகப் பாதித்தது. பயிர்களின் தோற்ற மையங்களை ஆராய்ந்த நிக்கொலாய் வவிலோவும் அக்குழுவில் இருந்தார். அங்கிருந்து கேட்டவர்களுள் பளிங்கியலாளரான ஜே. டி. பேர்னலும் உயிரிரசாயனவியலாளரான ஜோசப் நீடமும் குறிப்பிடத்தக்கவர்கள்.

அடுத்த ஆண்டு, 1932இல், கோட்பாட்டு உயிரியற் கழகம் என்னும் சிறு கூட்டம் தோன்றியது. அளவையியலில் ஈடுபாடு கொண்ட உயிரியலாளர் ஜே. எச். வூட்ஜர் அதன் மையமாக விளங்கினார். நீடம், அவரது துணைவியாரும் தசையின் உயிரிரசாயனத்தை ஆராய்ந்தவருமான டொறத்தி நீடம், முளையவியலாளர் சி. எச். வடிங்ரன், கணிதவியலாளர் டொறத்தி றிஞ்ச், பேர்னல் ஆகியோர் அதன் முதன்மை உறுப்பினர். பின்னர் கார்ல் பொப்பரும் அதன் கூட்டங்களிற் கலந்துகொண்டார். இவர்கள் அனைவரும் மார்க்ஸியர் அல்லர். வூட்ஜர் தருக்கவியலையும், வடிங்ரன் வைற்ஹெட்டின் தத்துவத்தையும் நாடியவர்கள். எனினும் ஒரு பிரச்சினையில் அவர்கள் உடன்பட்டிருந்தனர். உயிரை இயந்திரமாகக் குறுக்கும் பார்வையும், அதற்குள் விளக்கவொண்ணாத உயிர்ச்சக்தியைப் புகுத்தும் பார்வையும் ஒருங்கே போதாதவை என அவர்கள் கருதினர். பொருளின் ஒழுங்கமைப்பு மட்டங்கள் பற்றிய கருத்தை அவர்கள் முன்வைத்தனர். மூலக்கூறு, கலம், இழையம், உடல் என்னும் ஒவ்வொரு மட்டத்துக்கும் அதற்கே உரிய விதிகள் உண்டு. மேல்மட்ட விதிகள் கீழ்மட்டத்தினின்றும் தோன்றுபவையாயினும் அதனுள் அடங்கிவிடுபவையல்ல. 1936இல் வெளிவந்த 'ஒழுங்கும் உயிரும்' என்னும் நூலில் நீடம் இதனை விரித்துரைத்தார். இக்கருத்தில் இயங்கியற் பொருள்முதல்வாதத்தின் சாயலைக் காண்பது கடினமன்று.

2

கழகத்தினர் வெறும் தத்துவம் பேசிக்கொண்டிருக்கவில்லை. 1924இல் ஹான்ஸ் ஸ்பீமனும் ஹில்டே மங்கோல்டும் ஈரூடகவாழி முளையத்தின் ஒரு சிறு பகுதியை வெட்டி வேறொரு முளையத்தில் ஒட்டியபோது அங்கே இரண்டாவது உடலச்சு உருவாவதைக் கண்டனர். அப்பகுதிக்கு ஒழுங்கமைப்பான் என்னும் பெயர் வழங்கலாயிற்று. ஆய்வுக்கட்டுரை வெளியான ஆண்டிலேயே மங்கோல்ட் விபத்தொன்றில் இறந்தார். 1935இல் நோபெல் பரிசு ஸ்பீமனுக்கு மட்டும் கிடைத்தது. டொறத்தி நீடம் பல தசாப்தங்களாகக் கேம்பிறிட்ஜில் நிலையான பதவியின்றியே உழைத்தார். உரையாடலிற் சமமாக அமர்ந்தோர் பதவியிலும் புகழிலும் சமமாக இருக்கவில்லை என்பது இவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

ஒழுங்கமைப்பானின் இரசாயனப் பொருளைக் கண்டறிய நீடமும் வடிங்ரனும் முயன்றனர். முயற்சி அவர்கள் எதிர்பார்த்த பயனை அளிக்கவில்லை. இறந்த இழையமும் அதே விளைவைத் தந்தது. மெதிலீன் நீலம் என்னும் சாயமுங்கூட அதனைத் தூண்டியது. கட்டளையிடும் தனிப்பொருள் எனத் தேடப்பட்டது கைக்கு அகப்படவில்லை. இத்தோல்வியிலிருந்தே வடிங்ரன் பயனுள்ள முடிவொன்றை வந்தடைந்தார்: தூண்டுவதன் இயல்பைவிடத் தூண்டப்படுவதன் ஆயத்தநிலையே ஆராயப்படவேண்டியது. அந்த ஆயத்தநிலையைத் தீர்மானிப்பவை பரம்பரையலகுகள். 1940இல் அவர் எழுதிய 'ஒழுங்கமைப்பான்களும் பரம்பரையலகுகளும்' என்ற நூலின் முகப்பில், பள்ளத்தாக்கினூடே ஆறொன்று பாயும் ஓவியமொன்றை ஜோன் பைப்பர் என்னும் ஓவியர் வரைந்தளித்தார். 1957இல் வெளிவந்த நூலொன்றில் இவ்வுருவகம் மேலும் வளர்ந்தது. மேடும் பள்ளமுமான நிலப்பரப்பில் ஒரு பந்து உருண்டு இறங்குகிறது. அது செல்லும் பள்ளமே கலத்தின் எதிர்காலம். நிலப்பரப்பின் அடியில் எண்ணற்ற முளைகள் அறையப்பட்டு, அவற்றிலிருந்து செல்லும் கயிறுகள் பரப்பை இழுத்து நிற்கின்றன. அம்முளைகளே பரம்பரையலகுகள். ஒரு முளையைப் பிடுங்கினால் எந்தப் பள்ளம் எவ்வாறு மாறும் என்பதை அம்முளையை மட்டும் பார்த்துக் கூறமுடியாது. ஏனைய கயிறுகள் அனைத்தையும் பொறுத்தது அது. தொகுதி உயிரியலின் அடிப்படைக் கருத்து இப்படத்தில் ஏற்கெனவே உள்ளது.

இக்குழுவினருக்காகக் கேம்பிறிட்ஜில் தனியான ஆய்வு நிறுவனமொன்றை அமைக்கும் திட்டம் 1930க்களின் நடுப்பகுதியில் றொக்பெல்லர் மன்றத்தின் முன் வைக்கப்பட்டது. பெரும் நிறுவனம் உருவாகவில்லை. சிறு உதவிகள் மட்டுமே கிடைத்தன. அம்மன்றத்தின் இயற்கை விஞ்ஞானப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த வோரன் வீவர் 1938இல் 'மூலக்கூற்று உயிரியல்' என்னும் பெயரை வழக்கிற் கொணர்ந்தார். அப்பெயரின் கீழ் மன்றத்தின் பேராதரவு பௌதிக, இரசாயனக் கருவிகளைக் கொண்டு மூலக்கூற்றை ஆராயும் முறைகளுக்குச் சென்றது. அந்த ஆய்வுகள் பெரும் பயன் தந்தவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் முழுமை பற்றிய வினா முப்பது ஆண்டுகள் பின்னொதுங்கியமைக்கு நிதியின் திசையும் ஒரு காரணம் என்பது மனங்கொள்ளத்தக்கது.

3

1931இல் லண்டனுக்கு வந்தவர்களின் கதி யாது? ஹெஸ்ஸன் 1936இலும் புகாரின் 1938இலும் சுட்டுக்கொல்லப்பட்டனர். வவிலோவ் 1943இல் சராத்தோவ் சிறையில் மாண்டார். 1948 ஓகஸ்ற்றில் லெனின் விவசாய விஞ்ஞானக் கழகத்தின் கூட்டத்தில், தமது அறிக்கையைக் கட்சியின் மத்திய குழு ஆய்ந்து அங்கீகரித்துள்ளதாக லைசெங்கோ அறிவித்தார். அத்துடன் விவாதம் முடிந்தது. பிறப்புரிமையியல் ஆய்வுகூடங்கள் மூடப்பட்டன. உயிரியின் முழுமையையும் விருத்தியின் உறுதிப்பாட்டையும் பற்றி வடிங்ரனுக்கு நெருக்கமான கருத்துக்களை வளர்த்திருந்த ஷ்மால்ஹௌசன் பதவி நீக்கப்பட்டார்.

மார்க்ஸியர்கள் இவ்விடயத்தில் கண்ணை மூடிக்கொள்வது தகாது. லைசெங்கோவாதம் இயங்கியலின் பெயராலேயே நியாயப்படுத்தப்பட்டது. கோட்பாட்டு உயிரியற் கழகத்தில் சமமானோர் மத்தியில் ஒருவராக விவாதித்த பேர்னல், 1949இல் லைசெங்கோவுக்கு ஆதரவாக எழுதினார். பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தில் கம்யூனிஸ்டுகளோடு நின்று போராடிய ஜாக் மொனோ, 1948 செப்ரெம்பரில் 'கொம்பா' நாளேட்டில் லைசெங்கோவின் வெற்றிக்கு விஞ்ஞான அடிப்படை ஏதுமில்லை என எழுதினார். இவ்விருவருள் அன்று பொருள்முதல்வாதியாக நடந்துகொண்டவர் யார் என்னும் வினாவுக்கு வரலாறு விடையளித்துவிட்டது. இயற்கை பற்றிய கருத்தொன்றை இயற்கையிடம் கேட்டுச் சோதியாது, அதிகாரத்திடம் கேட்டு உறுதிப்படுத்துவது கருத்துமுதல்வாதத்தின் மிக இழிந்த வடிவமாகும்.

ஆயினும் இக்கதை அத்துடன் முடியவில்லை. 1954இல் மொஸ்கோப் பல்கலைக்கழகத்தில் கணிதவியலாளர் அலெக்ஸி லியாபுனோவ் சைபர்னெற்றிக்ஸ் கருத்தரங்கொன்றைத் தொடங்கினார். கணிதத்துறைக் கூரையின் கீழ், கட்டுப்பாடு, தகவல் என்னும் சொற்களின் மறைவில், தடைசெய்யப்பட்ட பிறப்புரிமையியல் மீண்டும் பேசப்படலாயிற்று. 1956 முதல் யூரல் பிரதேசத்து மியாசொவோவில் திமோஃபேயெவ்-றெஸ்ஸோவ்ஸ்கி கோடைகாலப் பாடசாலைகளை நடத்தினார். 1958 முதல் லியாபுனோவ் பதிப்பித்த 'சைபர்னெற்றிக்ஸ் பிரச்சினைகள்' என்னும் ஏடு பிறப்புரிமையியற் கட்டுரைகளையும் தாங்கி வந்தது. ஷ்மால்ஹௌசன் தம் இறுதி ஆண்டுகளில் உயிரியைத் தன்னைத் தான் சீராக்கும் தொகுதியாக விளக்கி எழுதினார். லைசெங்கோவின் ஆதிக்கம் 1965அளவில் வீழ்ந்தபோது, பிறப்புரிமையியலை மீட்டெடுக்கத் தக்க ஓர் இளந்தலைமுறை அங்கு இருந்தது. கருத்தரங்கு என்னும் வடிவமே அதனை உயிரோடு காத்தது எனின் மிகையாகாது.

4

பரம்பரையலகுச் சீராக்கத்தின் பொறிமுறை முதன்முதலிற் தெளிவுபட்டது பாரிஸிலாகும். இங்கும் தீர்மானகரமான இரு கருத்துக்கள் உரையாடலினூடே பிறந்தன.

1948இல் பாரிஸிற் கூடிய கருத்தரங்கொன்றில், பரம்பரையலகில் மாற்றம் ஏற்படாமலேயே சில இயல்புகள் தலைமுறை தலைமுறையாக நிலைப்பதைப் பற்றிய கட்டுரையொன்று படிக்கப்பட்டது. பௌதிகவியலில் இருந்து உயிரியலுக்கு வந்த மக்ஸ் டெல்புறூக் கலந்துரையாடலின்போது எழுந்து ஓர் எளிய மாதிரியை முன்வைத்தார். ஒன்றையொன்று தடுக்கும் இரு தாக்கத் தொடர்களைக் கற்பனை செய்யுங்கள். ஒன்று மேலோங்கினால் மற்றது அடங்கும். அத்தொகுதிக்கு இரு உறுதிநிலைகள் உண்டு. தற்காலிகமான ஒரு தூண்டல் அதனை ஒன்றிலிருந்து மற்றதற்கு நிரந்தரமாக மாற்றிவிடலாம். கட்டுரையின் பின்னான கலந்துரையாடற் குறிப்பாகவே இது 1949இல் அச்சேறியது. 2000ஆம் ஆண்டு ஜனவரியில், ஒன்றையொன்று அடக்கும் இரு பரம்பரையலகுகளைக் கொண்டு பற்றீரியாவினுள் இத்தகைய ஆளியொன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் கட்டிக்காட்டினர். கலந்துரையாடலில் எழுந்த ஒரு கூற்று ஐம்பது ஆண்டுகளின் பின் உயிருள்ள பொருளாயிற்று.

இரண்டாவது நிகழ்ச்சி மொனோவோடு தொடர்புடையது. குடலில் வாழும் பற்றீரியா ஒன்று, பால் வெல்லமான இலற்றோசு கிடைக்கும்போது மட்டும் அதனை உடைக்கும் நொதியத்தை ஆக்குகிறது. வெல்லம் நேரடியாக நொதியத்தின் ஆக்கத்தைத் தூண்டுகிறது என்றே பலகாலம் கருதப்பட்டது. அணுப்பௌதிகவியலாளரான லியோ சிலார்ட் பாரிஸ் வழியாகச் சென்றபோது ஒரு கருத்தரங்கில் இதனைத் தலைகீழாக்கினார். இயல்புநிலையில் ஓர் அடக்கி ஆக்கத்தைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். வெல்லம் அந்த அடக்கியையே செயலிழக்கச் செய்யலாம். 1965ஆம் ஆண்டு நோபெல் உரையில் மொனோ இதனை நன்றியுடன் குறிப்பிட்டார். பார்டி, ஜாக்கொப், மொனோ ஆகியோரின் பரிசோதனை இவ்வழியை உறுதிப்படுத்தியது. 1961இல் ஜாக்கொப்பும் மொனோவும் வெளியிட்ட நீண்ட கட்டுரை, ஏனைய பரம்பரையலகுகளைச் சீராக்குவதையே தொழிலாகக் கொண்ட பரம்பரையலகுகளும் உண்டு எனக் காட்டியது. அடக்கி என்னும் புரதம் 1966இற் பிரித்தெடுக்கப்பட்டது.

தடையைத் தடுப்பதே தூண்டல் என்னும் இம்முடிவு, பிற்காலத்தில் ஸ்பீமனின் பழைய புதிருக்கும் பொருந்தியது. 1990க்களில் ஒழுங்கமைப்பான் சுரக்கும் புரதங்கள் இனங்காணப்பட்டபோது, அவையும் பிறிதொரு சமிக்ஞையைத் தடுப்பனவாகவே காணப்பட்டன. நரம்பிழையமாகும் ஆற்றல் கலங்களில் ஏற்கெனவே இருந்தது. அதனை மறித்துநின்ற தடையே நீக்கப்பட்டது. நிலைமறுப்பின் நிலைமறுப்பு என இதனை வரவேற்க மார்க்ஸிய வாசகன் ஆசைப்படலாம். பார்லி விதையை உதாரணங் காட்டிய எங்கெல்ஸின் நினைவும் வரலாம். ஆனால் இயங்கியல் ஆய்வுக்கு வழிகாட்டும் வினாக்களைத் தருமேயன்றி ஆய்வின் முடிவுகளை முன்கூட்டியே தராது. சிலார்டின் கருத்து மெய்யானது அது இயங்கியலுக்கு இசைந்ததாலன்று. பற்றீரியா அவ்வாறு நடந்துகொண்டதாலேயே.

5

1966க்கும் 1970க்கும் இடையில் வடிங்ரன் நான்கு கூட்டங்களை நடத்தினார். இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் பெலாஜியோ என்னும் ஊரிலுள்ள வில்லா செர்பெலோனி மாளிகையில் அவை நடந்தன. அம்மாளிகை றொக்பெல்லர் மன்றத்துக்குச் சொந்தமானது. 1930க்களில் நிறுவனமாகக் கிடைக்காதது, முப்பது ஆண்டுகளின் பின் சில நாட்கள் விருந்தாக வாய்த்தது. அங்கு கூடியவர்களைப் பார்த்தாலே அக்கூட்டங்களின் இயல்பு விளங்கும்: கணிதவியலாளர் றெனே தொம், இரசாயனவியலாளர் லோங்வெற்-ஹிகின்ஸ், மக்கார்த்தி காலத்துக் கெடுபிடியால் அமெரிக்காவைவிட்டு வெளியேற நேர்ந்த பௌதிகவியலாளர் டேவிட் போம், பொறியியலாளராகத் தொடங்கி உயிரியலாளர்களான மேனாட் சிமித்தும் வொல்பேர்ட்டும், தம்மை மார்க்ஸியராகப் பிரகடனஞ் செய்த றிச்சர்ட் லெவொன்ரின், கலத்தின் உள்ளார்ந்த அலைவுகளைக் கணிதத்தால் ஆராய்ந்த பிறயன் குட்வின், இளம் மருத்துவ மாணவரான ஸ்ருவர்ட் கவுஃப்மன்.

கவுஃப்மன் 1969இல் வெளியிட்ட மாதிரி எளிமையானது. ஒவ்வொரு பரம்பரையலகும் எரியும் அல்லது அணையும் விளக்கு எனக் கொண்டு, ஒவ்வொன்றையும் வேறு இரண்டோடு மனம்போனபடி இணைத்தால் என்ன நிகழும்? குழப்பமே விளையும் என எவரும் எண்ணுவர். அவரது கணிப்பிலோ வலைப்பின்னல் விரைவிலேயே சில ஒழுங்கான சுற்றுக்களில் வந்தடங்கியது. கலவகைகள் என்பவை இத்தகைய அடங்குநிலைகளே என அவர் கருதினார். அவர் தந்த சில எண்ணளவுகள் பின்னர் திருத்தப்பட்டன. ஒழுங்கு தனியொரு தலைவனின்றி உறவுகளிலிருந்தே தோன்றலாம் என்னும் கருத்து நிலைபெற்றது.

இக்கூட்டங்களின் பயனாக 1968க்கும் 1972க்கும் இடையில் நான்கு நூல்கள் வெளிவந்தன. இறுதி நூலின் முடிவுரையில் வடிங்ரன், பொது உயிரியற் கோட்பாட்டுக்கு மொழியையே முன்மாதிரியாகக் கொள்ளலாம் எனக் குறிப்பிட்டமை இலக்கிய மாணவரின் தனிக்கவனத்துக்குரியது. மூலக்கூற்று உயிரியலின் சொற்றொகுதி முழுவதும் ஏட்டிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் இரவல் பெற்றதாகும். குறியீடு, தூது, படியெடுப்பு, மொழிபெயர்ப்பு, நிகழ்ச்சித்திட்டம், அடக்கி, இயக்கி என்பன அவற்றுட் சில. தகவல், பின்னூட்டம் முதலியன இரண்டாம் உலகப் போரின் பீரங்கிக் கட்டுப்பாட்டு ஆய்வோடு தொடர்புற்று வளர்ந்த சைபர்னெற்றிக்ஸிலிருந்து வந்தவை. ஈவ்லின் ஃபொக்ஸ் கெலர் 1995இலும் 2000இலும் வெளியிட்ட நூல்கள் இவ்வுருவகங்களின் வரலாற்றை நுணுகி ஆராய்ந்துள்ளன. மேலிருந்து கட்டளை பிறந்து கீழே நிறைவேறும் சமூகமொன்றில், கலத்தினுள்ளும் ஓர் எசமானைக் காண்பது எளிது. வடிங்ரன் கருதிய மொழி வேறு. ஒரு சொல்லின் பொருள் அச்சொல்லினுள் மட்டும் அடங்கியிருப்பதில்லை. வாக்கியமும் சூழலும் கேட்போனும் சேர்ந்தே அதனைத் தீர்மானிக்கின்றன என்பது மொழியியலின் பாலபாடம். பரம்பரையலகும் அத்தகையதே.

நம்மைப் பொறுத்தவரை இதற்கு ஒரு நடைமுறை விளைவுண்டு. இத்துறையைத் தமிழிற் பயிலும் மாணவன் 'கட்டுப்பாடு' என்ற சொல்லையும் 'சீராக்கம்' என்ற சொல்லையும் ஒருபொருட் கிளவிகளாகக் கொள்ளலாகாது. முன்னது ஆள்வோனை முன்னிறுத்துகிறது. பின்னது உறவுகளின் விளைவைக் குறிக்கிறது. கலைச்சொல்லாக்கம் அகராதிப் பணி மட்டுமன்று, கோட்பாட்டுப் பணியுமாகும்.

6

2003இல் மனித ஜீனோம் திட்டம் நிறைவெய்தியது. ஒரு காலத்தில் ஏறத்தாழ 100,000 என ஊகிக்கப்பட்ட மனிதப் பரம்பரையலகுகளுள் புரதத்தைக் குறிப்பன 20,000 அளவிலேயே இருந்தன. ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள உருளைப்புழு ஒன்றும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையைக் கொண்டது. வேறுபாட்டை எண்ணிக்கையால் விளக்க முடியாது என்பதும், சீராக்கத்தின் வலைப்பின்னலிலேயே விளக்கத்தைத் தேடவேண்டும் என்பதும் அதன்பின் மறுக்கமுடியாதனவாயின. 2002இல் எரிக் டேவிட்சன் குழுவினர் கடல்முள்ளி முளையத்தின் பரம்பரையலகு வலைப்பின்னலை வரைந்து வெளியிட்டனர். 1993இல் ஒரு புழுவிற் கண்டறியப்பட்ட நுண் ஆர்.என்.ஏ. பல ஆண்டுகள் புழுவின் புதுமையாகவே கருதப்பட்டு, 2000க்குப் பின்னரே பொதுவான சீராக்கியாக உணரப்பட்டது. அதற்கான நோபெல் பரிசு 2024இல் வழங்கப்பட்டது.

2000ஆம் ஆண்டு லீறோய் ஹூட் பல்கலைக்கழகத்தைவிட்டு விலகி சியாற்றிலில் தொகுதி உயிரியல் நிறுவனத்தை இணைந்து நிறுவினார். கணிதவியலாளர், பொறியியலாளர், உயிரியலாளர் ஆகியோரை ஒரே கூரையின் கீழ்க் கொணரப் பல்கலைக்கழகத்தின் துறைப்பிரிவுகள் இடந்தரவில்லை என்பதே அவர் காட்டிய நியாயம். வூட்ஜரின் வீட்டிற் கூடிய சிலரின் கனவு இவ்வாறு நிறைவேறியது எனலாமா? ஓரளவுக்கே. இன்றைய தொகுதி உயிரியல் பெருங்கருவிகளையும் பெருந்தரவுகளையும் பெருமுதலையும் வேண்டுவது. அங்கு பலதுறையினர் சேர்ந்து உழைக்கின்றனர். ஆனால் திட்டத்தின் இலக்கு பெரும்பாலும் முன்னரே வரையறுக்கப்பட்டது. டெல்புறூக்கின் கூற்றும் சிலார்டின் தலைகீழாக்கமும் எந்தத் திட்டத்தின் இலக்கிலும் இடம்பெற்றிருக்கவில்லை. விருந்தினராக வந்த பிறதுறையாளர் கேட்டவை அவை.

முடிவாக மூன்று உண்மைகளைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, முழுமை பற்றிய வினாக்கள் துறைகளின் சந்திப்பிலேயே எழுகின்றன. சந்திப்புக்கான வாய்ப்பைச் சமூகமே அளிக்கிறது அல்லது மறுக்கிறது. இரண்டாவது, நிதியளிப்போரின் விருப்பு ஒரு வினாவைத் தசாப்தங்களுக்குப் பின்தள்ளலாம். அரசின் ஆணையோ அவ்வினாவை எழுப்பியோரையே அழித்துவிடலாம். முற்போக்காளர் முதலதை விமர்சிக்கும் உரிமையைப் பெறுவது இரண்டாவதை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்வதாலேயே. மூன்றாவது, விஞ்ஞானத்தின் மொழியை ஆராய்வது இலக்கிய மாணவனுக்கு அயலான வேலையன்று. கலத்தைப் பற்றிப் பேசும் கருத்தரங்கில் அவனுக்கும் ஓர் ஆசனம் உண்டு. நமது பல்கலைக்கழகங்களில் விஞ்ஞான பீடமும் கலைப்பீடமும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒன்றையொன்று அறியாதிருக்கும் நிலை நீடிக்கும்வரை அவ்வாசனம் வெறுமையாகவே இருக்கும். அதனை நிரப்பப் பெருநிதி வேண்டியதில்லை. வூட்ஜரும் நண்பர்களும் தொடங்கியபோது அவர்களிடம் இருந்தது ஒரு வீடும் ஒருவர் மொழியை மற்றவர் கற்கும் பொறுமையும் மாத்திரமே.